லேயரை ஸ்கிரிப்ட் வரையும். எந்த செல்லுல வரையணும்?

போன செமஸ்டர் முதல் ரிவ்யூ. ப்ராஜெக்டர்ல எங்க லேஅவுட்டைப் போட்டுட்டு நாங்க நாலு பேரும் ரொம்ப நம்பிக்கையா நின்னோம். எல்விஎஸ் க்ளீன். ஸ்லைடுல பச்சை கலர்ல பெருசா அதையே எழுதி வச்சிருந்தோம். சார் ஒண்ணும் பேசாம மவுஸை வாங்கி, ஒரே ஒரு செல்லை ஜூம் பண்ணினார்.

"ஏம்மா, இந்த கான்டாக்ட் பாலி மேலதானே உட்கார்ந்திருக்கு?"

"ஆமா சார்."

"அப்போ அதைச் சுத்தி என்பிசி எங்க?"

நான் ஸ்க்ரீனைப் பார்த்தேன். என்பிசி இருந்தது. ஆனா கான்டாக்ட் இருந்த இடத்துல இல்ல. அதுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒண்ணுமே இல்லாத இடத்துல ஒரு சதுரம் தனியா கிடந்தது. ஒரு செல்லுல இல்ல, 512 செல்லுலயும். இது நிஜமாவே ஃபேபுக்குப் போயிருந்தா 512 கான்டாக்ட்டும் பாலியைத் தொட்டிருக்காது. சிப் வந்திருக்கும், வேலை செஞ்சிருக்காது.

அந்தச் சதுரங்களை நான் கையால வரையல. நான் எழுதின ஸ்கிரிப்ட்தான் வரைஞ்சது. ஸ்கிரிப்ட்ல கணக்கு எதுவும் தப்பு இல்ல. அது சரியான வடிவத்தைத் தப்பான இடத்துல எழுதி வச்சிருந்தது. இங்க இடம்னு சொல்றது எக்ஸ், ஒய் இல்ல. எந்த செல்லுக்குள்ளங்கிற இடம். அந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. இந்த வருஷம் லேஅவுட் ப்ராஜெக்ட் எடுக்கப்போற ஜூனியர்ஸுக்கு அது ஒரு மணி நேரத்துல புரியணும்னுதான் இந்தக் கட்டுரை.

வரைஞ்ச லேயர், வரவழைச்ச லேயர்

லேஅவுட்ங்கிறது அடுக்கடுக்கா வச்ச வடிவங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ரெண்டு எண் இருக்கும்: லேயர் எண், டேட்டாடைப் எண். 1978-ல கால்மா கம்பெனி கொண்டுவந்த ஜிடிஎஸ் டூ ஃபார்மட்டைத்தான் இன்னிக்கும் நாம பயன்படுத்துறோம். ஸ்கை130 பிடிகே-ல பாலி 66/20, டிஃப்யூஷன் 65/20, கான்டாக்ட் 66/44, என்பிசி 95/20.

இதுல எல்லாத்தையும் மனுஷன் வரையணும்னு அவசியம் இல்ல. பாலியும் டிஃப்யூஷனும் எங்க ஒண்ணுமேல ஒண்ணு விழுதோ அதுதான் டிரான்சிஸ்டரோட கேட். அதைத் தனியா வரைய வேண்டாம். ரெண்டு லேயரையும் 'அண்ட்' பண்ணினா கிடைச்சிடும். இம்ப்ளான்ட் லேயரும் அப்படித்தான். டிஃப்யூஷனை எல்லாப் பக்கமும் 0.125 மைக்ரான் பெருசாக்கினா அதுக்குத் தேவையான குறைந்தபட்ச இம்ப்ளான்ட் வந்துடும். இப்படி மத்த லேயர்கள்ல இருந்து கணக்குப் போட்டு வரவழைக்கிறதைத்தான் லேயர் ஜெனரேஷன்னு சொல்றோம். அண்ட், ஆர், நாட், எக்ஸார், பெருசாக்கு, சின்னதாக்கு. ஆறே ஆறு கருவிதான். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ்ல முதல் யூனிட் படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல.

என்பிசி விஷயத்துக்கு வருவோம். நைட்ரைடு பாலி கட்ங்கிறதோட சுருக்கம். கான்டாக்ட் பாலியைத் தொடணும்னா நடுவுல இருக்கிற நைட்ரைடுல ஒரு ஜன்னல் திறக்கணும். அந்த ஜன்னல்தான் என்பிசி. எங்களுக்குத் தேவைப்பட்டது மூணு விதிகள்:

1. பாலி மேல இருக்கிற கான்டாக்ட்டைச் சுத்தி என்பிசி குறைந்தது 0.10 மைக்ரான் இருக்கணும்.

2. என்பிசியோட அகலம் 0.27 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.

3. ரெண்டு என்பிசிக்கு நடுவுல 0.27 மைக்ரான் இடைவெளி வேணும். அதைவிடக் கிட்ட வந்தா ரெண்டையும் ஒண்ணா சேர்த்துடணும்.

கான்டாக்ட் 0.17-க்கு 0.17 சதுரம். நாலு பக்கமும் 0.10 ஏத்தினா 0.37 சதுரம். முதல் ரெண்டு விதியும் தானா சரியாயிடும். எல்லாப் பிரச்சினையும் மூணாவது விதியிலதான்.

ஒரு செல், 512 தடவை

எங்க ப்ராஜெக்ட் ஒரு டிலே அரே. ஒரு யூனிட் செல் வரைஞ்சோம். அதையும், அதைக் கண்ணாடியில பார்த்த மாதிரி திருப்பிப் போட்டதையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி ஒரு ஜோடி செல் பண்ணினோம். அந்த ஜோடியை 16 வரிசை, 16 நெடுவரிசையா அடுக்கினோம். 256 ஜோடி, 512 யூனிட் செல்.

ஆனா ஃபைல்ல யூனிட் செல் ஒரே ஒரு தடவைதான் இருக்கு. ஜோடி செல்லுக்குள்ள "அந்த செல்லை இங்க ஒண்ணு, திருப்பி அங்க ஒண்ணு வை"ன்னு ரெண்டு குறிப்பு. அரே செல்லுக்குள்ள "ஜோடியை 16-க்கு 16 வை"ன்னு ஒரே குறிப்பு. இதுதான் ஹையரார்க்கி. யூனிட் செல்லுல ஒரு மாத்தம் பண்ணினா 512 இடத்துலயும் மாறிடும். ப்ரோக்ராமிங்ல ஃபங்ஷன் எழுதுற மாதிரி நினைச்சுக்கோங்க. எழுதுறது ஒரு தடவை, கூப்பிடுறது ஆயிரம் தடவை.

இப்போ என் முதல் தப்புக்கு வர்றேன்.

முதல் முயற்சி: எல்லாத்தையும் விரிச்சுப் போட்டேன்

கேலேஅவுட்ல பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதலாம், ரூபியிலயும் எழுதலாம். நான் பைத்தான்ல எழுதினேன். டாப் செல்லுல ஆரம்பிச்சு, கீழ இருக்கிற எல்லா செல்லோட பாலியையும் கான்டாக்ட்டையும் ஒரே தட்டுல கொட்டு. அண்ட் பண்ணு. 0.10 பெருசாக்கு. வந்ததை டாப் செல்லுல 95/20-ல எழுது. பத்து வரிகூட இல்ல. ஓட்டினேன். 512 சதுரம் வந்தது. டிஆர்சி க்ளீன். கெத்தா இருந்தது.

ஒரு வாரம் கழிச்சு ஏரியாவைக் குறைக்கணும்னு யூனிட் செல்லுல இருந்த அந்த கான்டாக்ட்டை செல்லோட ஓரத்துக்கு நகர்த்தினோம். சின்ன மாத்தம்தானேன்னு டிஆர்சி மறுபடி ஓட்டல. எல்விஎஸ் மட்டும் ஓட்டினோம். எங்க எல்விஎஸ் பாலி, கான்டாக்ட், மெட்டல் இணைப்பைத்தான் பார்த்தது. என்பிசியைக் கண்டுக்கவே இல்ல. கான்டாக்ட் யூனிட் செல்லோட நகர்ந்துடுச்சு. டாப் செல்லுல எழுதின என்பிசி அங்கேயே நின்னுடுச்சு. சார் பார்த்தது அதைத்தான்.

விரிச்சுப் போடுறதுல ஃபைல் பெருசாகும்னு எல்லாரும் சொல்வாங்க. அது உண்மைதான். ஆனா எங்களை மாதிரி சின்ன டிசைனுக்கு அது பெரிய விஷயமே இல்ல. நிஜமான ஆபத்து வேற. வடிவம் ஒரு செல்லுல, அது எதுக்காக இருக்கோ அது இன்னொரு செல்லுல. ரெண்டுக்கும் நடுவுல எந்தப் பிணைப்பும் இல்ல. ஒண்ணு நகர்ந்தா இன்னொண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ரெண்டாவது முயற்சி: செல் செல்லா ஓட்டினேன்

சரி, என்பிசி யூனிட் செல்லுக்குள்ளேயே இருக்கட்டும்னு முடிவு பண்ணினேன். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா எடு, அதுக்குள்ள இருக்கிற கான்டாக்ட்டை மட்டும் பாரு, அதே செல்லுல என்பிசி எழுது. ஓட்டினேன். யூனிட் செல்லுல ஒரே ஒரு சதுரம். அழகு. யூனிட் செல்லை மட்டும் தனியா டிஆர்சி பண்ணினா க்ளீன்.

முழு அரேக்கும் டிஆர்சி ஓட்டினேன். 256 எரர்.

256-ன்னு பார்த்ததுமே புரிஞ்சிருக்கணும். அது ஜோடிகளோட எண்ணிக்கை. கான்டாக்ட்டை ஓரத்துக்கு நகர்த்தினோம்ல, அது செல் எல்லையில இருந்து 0.20 மைக்ரான் தூரத்துல வந்து உட்கார்ந்திருந்தது. என்பிசி 0.10 நீளுது. எல்லைக்கு இன்னும் 0.10 மிச்சம். திருப்பிப் போட்ட பக்கத்து செல்லுலயும் அதே கணக்கு. ரெண்டு என்பிசிக்கும் நடுவுல 0.20 இடைவெளி. விதி கேட்கிறது 0.27. சேர்த்திருக்கணும், சேர்க்கல.

தப்பு யார் மேல? யூனிட் செல்லைத் திறந்து பார்த்தா அது சரியா இருக்கு. திருப்பிப் போட்டதும் அதே செல்தான். ரெண்டும் தனித்தனியா சரி. பக்கத்துல வச்சாதான் தப்பு.

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல, சித்திரை வீதிப் பக்கம். பழைய வீடுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல ஒரே சுவர். சித்திரைத் தேர் அன்னிக்கு ஒவ்வொரு வாசல்லயும் கோலம் போட்டு, சுத்திக் காவி இடுவாங்க. எங்க வாசல் காவி எங்க வாசலோட முடியும், பக்கத்து வீட்டுக் காவி அவங்க வாசலோட முடியும். நடுவுல ஒரு சாண் அகலத்துக்கு வெறும் தரை. அங்க இடைவெளி இருக்குன்னு எங்க வாசலை மட்டும் பார்த்தாலும் தெரியாது, அவங்க வாசலை மட்டும் பார்த்தாலும் தெரியாது. வீதியில நின்னு பார்த்தாதான் தெரியும். அதை நிரப்புறது எங்க வீட்டு வேலையும் இல்ல, அவங்க வீட்டு வேலையும் இல்ல, வீதியோட வேலை.

எங்க டிசைன்ல வீதி எது? ஜோடி செல். ரெண்டு யூனிட் செல்லும் ஒண்ணா தெரியுற முதல் இடம் அதுதான். அந்த 0.20-க்கு 0.37 துண்டை ஜோடி செல்லுல ஒரு தடவை எழுதினா போதும். 256 எரரும் போயிடும்.

கூட்டலாம், கழிக்க முடியாது

இந்த இடத்துலதான் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டது. ஜிடிஎஸ்-ல ஒரு பேரன்ட் செல்லால அதுக்குள்ள இருக்கிற சைல்டு செல்லோட வடிவத்து மேல இன்னொரு வடிவத்தைச் சேர்க்க முடியும். ஆனா சைல்டு செல்லுல இருக்கிற வடிவத்தை அந்த ஒரு இடத்துல மட்டும் அழிக்க முடியாது. அந்த ஃபார்மட்ல அழிப்பான்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஒரே லேயர்ல எல்லா செல்லுல இருந்தும் வர்றது எல்லாம் கூட்டல்தான். (வீதியில நின்னு விளக்குமாறு எடுத்து யார் கோலத்தையும் கலைக்கலாம். உவமை இங்க உதவாது, விட்டுடுவோம்.)

அதனால ஒரு லேயரை ஸ்கிரிப்ட்ல வரவழைக்கும்போது முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது: அக்கம்பக்கம் தெரிஞ்சதும் விடை பெருசாகுமா, சின்னதாகுமா?

என்பிசி பெருசாகுற வகை. பக்கத்துல இன்னொரு கான்டாக்ட் வந்தா நடுவுல ஒரு துண்டு கூடும், இருக்கிறது குறையாது. சைல்டுல எழுதினதை அப்படியே விட்டுட்டு, பேரன்ட்ல ஒட்டுப் போட்டா போதும். சுலபம்.

சின்னதாகுற வகைக்கு ஒரு உதாரணம். டிஃப்யூஷன்ல இருந்து பாலியை 'நாட்' பண்ணினா மிச்சம் இருக்கிறது சோர்ஸ், டிரெயின் பகுதி. யூனிட் செல்லுல டிஃப்யூஷன் மட்டும் இருக்கு, அதுக்கு மேல போற பாலி கம்பியைப் பேரன்ட் செல்லுல வரைஞ்சிருக்கோம்னு வச்சுக்கோங்க. யூனிட் செல்லை மட்டும் பார்த்தா பாலியே இல்ல; முழு டிஃப்யூஷனும் சோர்ஸ்/டிரெயின்னு ஸ்கிரிப்ட் எழுதிடும். பேரன்ட்ல வந்து பார்த்தா நடுவுல ஒரு பட்டையை வெட்டி எடுக்கணும். எப்படி எடுக்கிறது? எடுக்க முடியாது.

இதுக்கு மூணு வழி உண்டு.

ஒண்ணு, அந்த செல்லுக்கு இன்னொரு நகல் எடுத்து, வேற பேர் வச்சு, அதுல வெட்டுறது. இதை வேரியன்ட்னு சொல்வாங்க. பாலி மேல போகுற இடத்துக்கு ஒரு வேரியன்ட், போகாத இடத்துக்குப் பழைய செல்.

ரெண்டு, விடையைச் சைல்டுல எழுதாமலே விட்டு, பேரன்ட்ல முழுசா எழுதுறது. எழுதினாத்தானே அழிக்கணும்!

மூணு, டிசைன்லயே அப்படி வராம பார்த்துக்கிறது. டிரான்சிஸ்டரோட பாலியும் டிஃப்யூஷனும் எப்பவும் ஒரே செல்லுல இருக்கணும்னு டீமுக்குள்ள ஒரு விதி போட்டுக்கிறது. எங்களை மாதிரி மாணவர்களுக்கு இதுதான் சிறந்த வழி.

பெரிய டூல்கள் என்ன பண்ணுது?

நான் திணறின இதே விஷயத்துல 40 வருஷத்துக்கு முன்னாடியே பலர் மண்டையை உடைச்சிருக்காங்க. 1980-களோட ஆரம்பத்துல பெர்க்லியில ஜான் அவுஸ்டர்ஹவுட்டும் அவரோட மாணவர்களும் எழுதின மேஜிக் டூல், ஃபேபுக்குப் போகுற பல லேயர்களை ஃபைலை எழுதும்போது தானே வரவழைக்கும். இன்னிக்கு டிம் எட்வர்ட்ஸ் அதைப் பராமரிக்கிறார். செல்கள் ஒண்ணோட ஒண்ணு உரசுற இடத்துல மேஜிக் விடையை ஒரு தடவை விரிச்சுப் போட்டுப் பார்க்கும். சைல்டுகள் ஏற்கனவே கொடுத்ததோட ஒப்பிடும். குறையுறதைப் பேரன்ட்ல சேர்க்கும். சைல்டுல அதிகமா இருந்தா, தன்னால அழிக்க முடியாதுன்னு எரர் கொடுக்கும். கூட்டலாம், கழிக்க முடியாதுங்கிற அதே விதி.

ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் கோஃபெர்லைன் எழுதின கேலேஅவுட்ல வழி வேற. டிஆர்சி ஸ்கிரிப்ட்ல 'டீப்'னு ஒரு வார்த்தை போட்டா ஹையரார்க்கியை விரிக்காமலே கணக்குப் போடும். செல் எல்லையைத் தாண்டி ஒண்ணோட ஒண்ணு தொடுற வடிவங்களை மேல இருக்கிற பொது செல்லுக்குத் தூக்கிடும். தேவைப்பட்டா வேரியன்ட்டும் உருவாக்கும். நான் சொன்ன ரெண்டாவது வழியும் முதல் வழியும் கலந்தது. பெரிய டிசைனுக்கு நீங்க இதைத்தான் பயன்படுத்தணும்.

ஆனா ஒரு தடவையாவது கையால எழுதிப் பாருங்க. எழுதினாத்தான் டூல் ஏன் இப்படி நடந்துக்குதுன்னு புரியும்.

மூணாவது முயற்சி: கீழ இருந்து மேல

நான் கடைசியா எழுதின ஸ்கிரிப்ட் இப்படி நடக்கும். செல்களைக் கீழ இருந்து மேல வரிசையா எடுக்கணும். முதல்ல யூனிட், அப்புறம் ஜோடி, அப்புறம் அரே, கடைசியா டாப். கேலேஅவுட்ல இதுக்கு 'ஈச் செல் பாட்டம் அப்'னே ஒரு ஃபங்ஷன் இருக்கு. வரிசை மாறினா எல்லாம் போச்சு.

முதல் படி: எல்லா செல்லுலயும் 95/20-ஐ முழுசா துடைச்சிடணும். பழைய சதுரம் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. இதுக்கு ஒரு நிபந்தனை: அந்த லேயர் முழுக்க ஸ்கிரிப்ட்டுக்குச் சொந்தமா இருக்கணும். கையால வரைஞ்சதும் அதுலயே கலந்திருந்தா அதுவும் போயிடும்.

ரெண்டாவது படி: இந்த செல்லும் இதுக்குக் கீழ இருக்கிறதும் சேர்ந்து, பாலி மேல இருக்கிற கான்டாக்ட்டை எல்லாம் எடு. 0.10 பெருசாக்கு. அப்புறம் 0.135 பெருசாக்கி, உடனே 0.135 சின்னதாக்கு. 0.27-இல் பாதி 0.135. பெருசாக்கும்போது கிட்ட இருக்கிற ரெண்டும் ஒட்டிக்கும். சின்னதாக்கும்போது ஒட்டினது பிரியாது. இதுக்குப் பேர் 'தேவை'.

மூணாவது படி: கீழ இருக்கிற செல்கள் ஏற்கனவே கொடுத்த என்பிசியை எடு. இதுக்குப் பேர் 'இருப்பு'.

நாலாவது படி: தேவையில இருந்து இருப்பைக் கழிச்சு, வர்றதை இந்த செல்லுல எழுது.

அஞ்சாவது படி: இருப்புல இருந்து தேவையைக் கழி. ஏதாவது மிச்சம் வந்தா அங்கேயே நிறுத்தி எரர் கொடு. அது கழிக்க வேண்டிய இடம், நம்மால முடியாது.

அவ்வளவுதான். யூனிட் செல்லுல ஒரு சதுரம். ஜோடி செல்லுல ஒரு துண்டு. அரேயிலயும் டாப்லயும் ஒண்ணுமே எழுதல, ஏன்னா அங்க தேவையும் இருப்பும் சமம். மொத்தம் ரெண்டே வடிவம். அரேயை நூறு மடங்கு பெருசாக்கினாலும் ரெண்டுதான். யூனிட் செல்லுல கான்டாக்ட்டை நகர்த்தி மறுபடி ஓட்டினா சதுரமும் நகரும். துண்டு தேவைப்படலைன்னா தானா காணாமப் போகும்.

நான் விழுந்த குழிகள்

பெருசாக்கிச் சின்னதாக்குற தந்திரம் ரெண்டு வடிவமும் நேருக்கு நேரா இருந்தா அழகா வேலை செய்யும். கொஞ்சம் மேலும் கீழுமா இருந்தா? 0.37 சதுரம் ரெண்டு, நடுவுல 0.10 இடைவெளி, உயரத்துல 0.01 மட்டும்தான் நேருக்கு நேர் வருதுன்னு வச்சுக்கோங்க. சேர்க்கிற பாலமும் 0.01 அகலத்துக்குத்தான் வரும். இடைவெளி விதியைக் காப்பாத்தப் போய் அகல விதியில மாட்டிப்போம். ஸ்கிரிப்ட் வரைஞ்சது எப்பவும் சரின்னு நினைச்சுடாதீங்க. ஓட்டின பிறகு டிஆர்சி ஓட்டியே ஆகணும்.

அடுத்தது திசை. எல்லாப் பக்கமும் ஒரே அளவு பெருசாக்கினா செல் திரும்பி இருந்தாலும், கண்ணாடி மாதிரி புரண்டிருந்தாலும் பிரச்சினை இல்ல. எக்ஸ் திசையில மட்டும் பெருசாக்கணும்னு ஒரு லேயர் இருந்தா, 90 டிகிரி திருப்பி வச்ச செல்லுல அது ஒய் திசையா மாறிடும். அப்போ வேரியன்ட் இல்லாம முடியாது.

மூணாவது கிரிட். ஸ்கை130-ல எல்லா முனையும் 0.005 மைக்ரான் கட்டத்துல விழணும். 0.135 அதுல சரியா விழுது. பாதி எடுக்கும்போது 0.1325 மாதிரி வந்தா கவனமா இருங்க.

நாலாவதும் முக்கியமானதும்: சரிபார்க்கிறது. இப்போ நான் எப்பவும் பண்றது இது. டிசைனோட ஒரு நகலை முழுசா விரிச்சு, அதே கணக்கை ஒரே தட்டுல போடுவேன். என் முதல் முயற்சியேதான், ஆனா விடையை டிசைன்ல எழுத மாட்டேன். அதையும் ஹையரார்க்கி விடையையும் எக்ஸார் பண்ணுவேன். ஒரு வடிவம்கூட மிச்சம் வரக் கூடாது. வந்தா, எந்த எல்லையில தப்புன்னு அந்த மிச்சமே காட்டிக்கொடுத்துடும். வேலைக்கு ஆகாதுன்னு தூக்கிப்போட்ட ஸ்கிரிப்ட் இன்னிக்கு எனக்குச் செக்கிங் ஆசாமி.

நமக்கு எதுக்கு இது?

நாலு வருஷம் படிச்சும் ஒரு நிஜ ஃபேபோட விதிப்புத்தகத்தைக் கண்ணால பார்க்காம வெளிய போற ஈசிஇ மாணவர்கள் நிறைய. அந்தப் புத்தகங்கள் பொதுவா ரகசிய ஒப்பந்தத்துக்குள்ள இருக்கும். 2020-ல கூகுளும் ஸ்கைவாட்டரும் சேர்ந்து 130 நானோமீட்டர் பிடிகே-ஐ எல்லாருக்கும் திறந்துவிட்டதாலதான், காவிரிப் பாலத்தைத் தாண்டி வர்ற பஸ்ல உட்கார்ந்து என்னால என்பிசி விதியைப் படிக்க முடிஞ்சது. மேஜிக், கேலேஅவுட் ரெண்டும் இலவசம். எங்க லேப்ல இருக்கிற சாதாரண கம்ப்யூட்டர்லயே ஓடும்.

இது நம்ம ஊருக்கு எட்டாத விஷயமும் இல்ல. சென்னை ஐஐடியில உருவான சக்தி ப்ராசஸர் மொஹாலி செமிகண்டக்டர் லேபரட்டரியில 180 நானோமீட்டர்ல சிப்பா வந்தது. அதே சக்தி வழியில இஸ்ரோவோட சேர்ந்து பண்ணின ஐரிஸ் சிப்பை 2025-ல அறிவிச்சாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, மொஹாலியில தயாரான விக்ரம் 3201 ப்ராசஸரையும் வெளியிட்டாங்க. எந்த சிப்பா இருந்தாலும் வடிவமைச்சவங்க கடைசியா ஃபேபுக்குக் கொடுக்கிறது செல்லுக்குள்ள செல்லா அடுக்கின ஒரு ஃபைல். அதுல எந்த வடிவம் எந்த செல்லுக்குச் சொந்தம்னு யாரோ ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருக்கணும்.

ரெண்டாவது ரிவ்யூவுக்குப் போனப்போ சார் மறுபடி மவுஸை வாங்கினார். அதே செல்லை ஜூம் பண்ணினார். கான்டாக்ட்டைச் சுத்தி என்பிசி இருந்தது. "சரி, இந்த கான்டாக்ட்டை நகர்த்தினா?"ன்னு கேட்டார். எல்லார் முன்னாடியும் நகர்த்தி, ஸ்கிரிப்ட்டை ஓட்டி, எக்ஸார் போட்டுக் காட்டினேன். மிச்சம் பூஜ்யம்.

"இப்போ எழுதலாம்மா க்ளீன்னு"ன்னார்.

இந்த வாரம் நேரம் கிடைச்சா ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கேலேஅவுட்டைத் திறந்து, ஒரே ஒரு பாலி கான்டாக்ட் வச்சு ஒரு செல் வரைங்க. ஓரத்துல இருந்து 0.20 மைக்ரான் தள்ளி. அதைத் திருப்பிப் பக்கத்துல ஒட்டுங்க. இப்போ என்பிசியை வரவழைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்க. எழுதுறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு பெட்டி போட்டு, நடுவுல வர்ற துண்டு எந்த செல்லுக்குள்ள இருக்கணும்னு குறிச்சு வச்சுக்கோங்க. நான் அந்தப் பெட்டியைப் போட்டிருந்தா எனக்கு மூணு வாரம் மிச்சமாகியிருக்கும்.